முள் இறங்கும்வரை

மோட்டாரின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது படகு பாதி ஏரியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. சங்கீதா மோட்டாரின் கைப்பிடியை விடாமல் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மோட்டாரைக் குளிர்வித்துவிட்டுத் துளையிலிருந்து பீய்ச்சியடிக்க வேண்டிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

படகின் அடியில் விரித்த தார்ப்பாயில் அவளுடைய நைனா ராமமூர்த்தி படுத்திருந்தார். தலை அம்மாவின் மடியில் இருந்தது. விடிந்தும் விடியாமலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் மழையில் ஊருக்கு வரும் தரைப்பாலம் முழுகிக் கிடந்தது. எதிரே காவேரிப்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும்தான் வண்டி வரும் என்று ஆம்புலன்ஸ்காரர் போனில் சொல்லிவிட்டார். நைனா மீன் பிடிக்கும் படகிலேயே அவரை ஏற்றினார்கள். தூக்கிவிட்ட பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமியும் ஏறப் பார்த்தார். பாரம் ஜாஸ்தி ஆகிவிடும் என்று நைனாதான் கையைக் காட்டித் தடுத்தார்.

சங்கீதா பிறப்பதற்கு முன்பே பழவேற்காட்டிலிருந்து பழசாக வாங்கி வந்த மோட்டார் அது. ஒருமுறை சூடேறி, உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டு, ஆறு மாதம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அதற்கப்புறம் நைனா ராணிப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் ஏதோ ஒரு வேனின் டெம்பரேச்சர் மீட்டரைத் தேடி எடுத்து வந்து, ஒயரை மோட்டார் தலையில் பொருத்தினார். அன்றிலிருந்து படகில் ஏறினால் அவர் வலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு லீவு விடும் நாட்களில் அவரோடு போகும் சங்கீதாவுக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது.

"இன்னாடி, சத்தம் மாறுது?" என்றாள் அம்மா முனியம்மா.

"சூடாவுதும்மா. தண்ணி இழுக்கல. ஏதோ அடைச்சிருக்கு."

"நிறுத்தாத. அப்டியே வுடு. தோ கரை தெரியுது பாரு."

தெரிந்தது. மழைத் தூறலுக்கு அப்பால் வெள்ளையாக ஒரு வண்டி, பக்கத்தில் குடையோடு ஓர் ஆள். ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

"எவ்ளோ காட்டுது?"

நைனாவின் குரல். கண் மூடியே இருந்தது.

"நூத்திப் பத்து, நைனா."

"ஆஃப் பண்ணிடு."

"இன்னா மனுசன்யா நீ!" அம்மா கத்தினாள். "உசுரக் கையில புடிச்சினு கெடக்குற. மோட்டாருதான் பெருசா?"

"புடிச்சிக்கும்டி." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "நடுத் தண்ணில நின்னுட்டா அப்புறம் எதுவும் பண்ண முடியாது. ஆஃப் பண்ணு பாப்பா."

அம்மா அவளையே பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சங்கீதா கரையைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். உள்ளே இரும்பு இரும்பை உரசும் சத்தம் ஆரம்பித்திருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

மழை தண்ணீரில் விழும் ஓசை மட்டும் மிஞ்சியது.

மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, அடியில் தண்ணீர் இழுக்கும் வாயில் கையை விட்டுத் துழாவினாள். ஆகாயத்தாமரை வேர்களும் ஒரு கிழிந்த பால் கவரும் வந்தன. ஆனால் மோட்டார் தலையில் விழுந்த மழைத்துளி சுர்ரென்று ஆவியாகப் பறந்தது. இப்போது கிளப்பினால் பிடித்துக்கொள்ளும். துடுப்பை எடுத்தாள். எதிர்க்காற்று. பத்தடி போனால் எட்டடி பின்னுக்குத் தள்ளியது.

போன் அடித்தது. ஆம்புலன்ஸ்காரர். "எங்கம்மா இருக்கீங்க? படகு நின்ன மாதிரி தெரியுது?"

"வர்றோம்ணா. கொஞ்ச நேரம்."

"எவ்ளோ?" என்றார் நைனா.

"தொண்ணூறு."

"இன்னும்... எறங்கட்டும்."

அம்மா அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சங்கீதாவின் உள்ளங்கையில் துடுப்பு உரசித் தோல் உரிந்தது. அவள் திரும்பித் திரும்பி மீட்டரைப் பார்த்தாள். எழுபத்தைந்தில் முள் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மீட்டரை ஒரு தட்டுத் தட்டினாள்.

நைனா மறுபடி கேட்கவில்லை.

"அறுபது, நைனா," என்று அவளாகவே சொன்னாள்.

அம்மாவின் கை நெஞ்சின் மேல் அப்படியே நின்றிருந்தது. சங்கீதா மண்டியிட்டு அவர் மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு கழுத்தில். பிறகு மறுபடியும் மூக்கில்.

அம்மா அழுவாள் என்று நினைத்தாள். அம்மா அழவில்லை. கரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நிறுத்தாம வந்திருந்தா, போய்ச் சேந்திருப்பமாடி?"

"தெரியலம்மா."

படகு காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கரையில் குடைக்காரர் கையை உயர்த்தி ஆட்டினார்.

சங்கீதா மோட்டாரை மறுபடி தண்ணீரில் இறக்கி, கிளப்பும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முதல் இழுப்பிலேயே மோட்டார் பற்றிக்கொண்டது. ஒரு கோளாறும் இல்லாத சத்தம். எதையும் நினைக்காமல் பிடியை முழுதாக முறுக்கினாள். முன்பக்கம் தூக்கிக்கொண்டு படகு பாய்ந்தது. அலை உடைந்து உள்ளே தெறித்தது.

"மெதுவா போடி," என்றாள் அம்மா. "மூஞ்சில தண்ணி அடிக்குது."

அவள் முந்தானையை இழுத்து நைனாவின் முகத்தைத் துடைத்தாள். மறுபடி தெறிக்காமலிருக்கக் குனிந்து, தன் முதுகால் மறைத்துக்கொண்டாள். சங்கீதா பிடியைத் தளர்த்தினாள்.