பின் சீட் இல்லாத வண்டி

அந்தப் பாழாய்ப்போன வண்டியை வாங்க வந்த மூன்று பேரையும் என் வீட்டுக்காரரே விரட்டிவிட்டார். அடித்தெல்லாம் விரட்டவில்லை, பொய் சொல்லித்தான்.

“முன்சக்கரத்து ஃபோர்க் வளைஞ்சி கீதுப்பா. வேகம் ஏத்துனா ஒரு பக்கமா இழுக்கும்” என்பார் ஒருவரிடம். “ஃப்ரேம்ல விரிசல் கீது” என்பார் இன்னொருவரிடம். பழைய ரேஸ் வண்டி வாங்க வருகிறவன் பயப்படுவதே அதற்குத்தான். எத்தனை தடவை விழுந்ததோ, எது வளைந்ததோ என்று. சொந்தக்காரரே வாயால் சொன்ன பிறகு எவன் நிற்பான்? நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

அத்தனையும் புளுகு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு மழைநாளில் அந்த ஆர்.டி. 350-யிலிருந்து விழுந்துதான் என் மாமாவுக்கு வலது கை போயிற்று. அத்தை மகன் என்பதால் கட்டிக்கொண்ட பிறகும் எனக்கு அவர் மாமாதான். கை இருக்கிறது, தோளில் நரம்பு அறுந்து சும்மா தொங்குகிறது. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் விழுந்த வண்டியை மட்டும் ஆள் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, நேராக்கிவிட்டார்.

அதற்கப்புறம் கழனிப் பக்கமே போகவில்லை. சாயங்காலமானால் நெல் கொட்டகைக்குப் போவார். வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து, இடது கையைக் குறுக்கே நீட்டி வலது பக்கத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருப்பார். கொட்டகை முழுக்க நீலப் புகை. சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. இந்த வண்டி இங்கே நிற்கும்வரை என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வித்தே ஆகணும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

எனக்கு அதன்மேல் பழைய கடுப்பும் உண்டு. எடை குறையவேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகளையும் ரம்பம் போட்டு அறுத்துவிட்டார். புதுப்பெண்ணாய் நான் தாமலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போவேன், என் புருஷன் அந்த வண்டியில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருவார். கண்டக்டர் சிரிப்பான். எனக்கு மானமே போகும்.

நாலாவதாக வந்தவன் தாமோதரன். ராஜகுளத்துக்காரன், கையில் ஹெல்மெட்டோடு வந்திருந்தான். மாமா வழக்கம்போல ஃபோர்க் கதையை ஆரம்பித்தார். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினான். ஃப்ரேமின் கழுத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவினான். பிறகு வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தான்.

“நேராதான் கீதுண்ணா. ஏண்ணா இப்டி சொல்றே?”

நான் சாவியை நீட்டினேன். “ஓட்டிப் பாருப்பா.”

“தேவி!”

“இன்னா மாமா? இன்னும் எத்தினி நாளிக்கி அதுக்குக் காவல் குந்திக்கினு இருப்பே? நானும் மனுசிதானே?” என்று கத்திவிட்டேன்.

தாமோதரன் ஏரிக்கரை ரோட்டுக்கு வண்டியை எடுத்துப் போனான். மாமா நெல் மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். தூரத்தில் கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் தொடைமேல் இருந்த அவருடைய இடது கை கிளட்ச் பிடிப்பதுபோல மூடித் திறந்தது. வலது கை கிடந்தபடியே கிடந்தது. ஐயோ, இதை வித்தா இந்த மனுசன் இன்னா ஆவாரு என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அவன் திரும்பி வந்ததும் மாமாவே எழுந்து போனார்.

“நல்லா ஓட்றே. இதுல ஒரு கொறையும் இல்ல. எடுத்துக்கினு போ. மழைல மட்டும் வளைவுல பிரேக்கத் தொட்றாத, இன்னா? நான் தொட்டேன்.”

“சரிண்ணா.”

“போறதுக்கு முன்ன ஒரு ரவுண்டு... பின்னால நான் குந்திக்கினு வர்றேன்.”

தாமோதரன் வண்டியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். ஒரு ஆள் சீட்டுக்குப் பின்னால் வண்டியின் கூர்மையான வால்பகுதிதான் இருந்தது. அறுத்த கம்பியின் முனையை மாமா காலால் தொட்டுப் பார்த்தார்.

“நான்தான் அறுத்தேன்” என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இத்தனை வருஷக் கடுப்பில் ‘நல்லா வேணும்’ என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. ஓடிப்போய், புல்லுக்கட்டு ஏற்றுகிற என் டி.வி.எஸ். 50-ஐ வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன்.

“ஏறு மாமா. ரோடு வரைக்கும் வழியனுப்பிட்டு வரலாம்.”

ஏறினார். அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தாமோதரன் முன்னே போனான். வந்தவாசி ரோடு ஏறியதும் வேகம் எடுத்தான். என் வண்டியில் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. ஆனாலும் முன்னே போகிறவன் கியர் மாற்றும்போதெல்லாம் மாமாவின் விரல்கள் என் தோளை அழுத்தி அழுத்தி விட்டன.

கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணுக்கு மறைந்தான். சத்தமும் நின்றுபோயிற்று. தோளில் இருந்த கை மட்டும் நிற்கவில்லை. எனக்கு வண்டியைத் திருப்ப மனசு வராமல் ஓட்டிக்கொண்டே போனேன்.