காற்றுப் போன டயர் வழக்கு

மெஷின்காரரின் வண்டியில் மறுபடியும் முன்சக்கரத்தில் காற்று இல்லை. பார்த்ததும் தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். ஊரெல்லாம் சுற்றுகிற வண்டி, அவள் கடை வாசலில் நின்றால் மட்டும் இந்தக் கதி. தையல் மெஷின் பழுதுபார்க்கும் அந்த மனிதர் ஒரு சாது. நன்றாக ஓடுகிற மெஷினுக்கு எண்ணெய் விடுவதாகச் சொல்லி வாராவாரம் வருகிறவர், உண்மையில் எதற்கு வருகிறார் என்று அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். ஆனால் இந்த முறை வண்டியைத் தள்ளுமுன் அவர் சொன்னதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை.

"உங்க வீட்ல யாருக்கோ நான் வர்றது பிடிக்கல போலிருக்கு. என்னால உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். இனிமே நான் வரலைங்க."

கட்டினவன் விட்டுப் போன பிறகு இத்தனை வருடத்தில் அவள் ஆசையாகக் காத்திருந்த ஒரே ஆள். அதுவும் போச்சு.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரண்டு தோழிகளிடமும் சொல்லித் தொலைத்தாள். ஒருத்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்கக் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக் கத்தி அவள் பெயரே கிளட்ச் என்று ஆகிவிட்டது. மற்றவள் பக்கத்து மருந்துக்கடைக்காரி. எப்போதோ ஒருமுறை மூவரும் சேர்ந்து காணாமல்போன பூனை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அன்று பிடித்தது சனி. அதிலிருந்து கொடியில் காய்ந்த துணி பறந்தாலும் விசாரணை, பால் பாக்கெட் ஒழுகினாலும் விசாரணை.

"சந்தேகமே இல்ல, உங்க அண்ணிதான்," என்றாள் மருந்துக்கடைக்காரி. "நீ கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா அவங்க பிள்ளைங்களுக்கு ஓசியில யார் தைச்சுக் குடுப்பாங்க?"

கிளட்ச் மட்டும் அன்று வாயே திறக்கவில்லை. வழக்கமாக முதலில் குதிப்பவள் அவள்தான்.

தையல்காரி வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் மருந்துக்கடைக்காரி கேட்கவில்லை. மாடியில் குடியிருந்த அண்ணியிடம் நேரே போய், "அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" என்று போலீஸ் தோரணையில் கேட்டுவைத்தாள்.

அண்ணி படியிறங்கி வந்து நாத்தனாரிடம் கத்தித் தீர்த்தாள். "எனக்குப் பிடிக்கலைன்னா உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறேன். டயர்கிட்ட எதுக்குச் சொல்லப்போறேன்?"

அன்றோடு அண்ணியின் பேச்சும் நின்றது. நல்ல துப்பு, நல்ல தோழிகள்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து மருந்துக்கடைக்காரி அடுத்த சந்தேக ஆசாமியைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள். தையல்காரி காதில் வாங்காமல் சட்டைப் பட்டன்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கிளட்ச் சும்மா இருக்க முடியாமல் எண்ணெய்ப் புட்டியை மூடினாள். குண்டூசி டப்பாவை மூடினாள். தண்ணீர் பாட்டிலையும் எடுத்துத் திருகி வைத்தாள். திறந்து கிடக்கிற எதையும் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும்.

தையல்காரியின் ஊசி நின்றது.

"அந்த டயர்ல காத்து அடிக்கிற இடத்துல ஒரு குட்டி மூடி இருக்குமே. ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்கா மாட்டியிருந்துச்சு. கோபத்துல காத்தைப் பிடுங்கி விடுறவங்க மூடியைத் தேடித் திருகிட்டா போவாங்க?"

கிளட்ச் தரையைப் பார்த்தாள்.

"நீயாடி?"

"வந்தா அஞ்சு நிமிஷத்துல ஓடிடுறாரு," என்றாள் கிளட்ச் மெல்ல. "போனப்புறம் நீ வாசலையே பார்த்துட்டு உக்காந்திருப்ப. எனக்குத் தாங்கல. வண்டி நின்னா மனுஷன் கொஞ்ச நேரம் இருப்பாருன்னு நினைச்சேன். முதல் தடவை இருந்தாரே. ரெண்டு பேரும் எவ்வளவு சிரிச்சீங்க."

"அதுக்காக வாராவாரமா? உனக்குப் புத்தி இருக்கா?"

"நீ ஒரே ஒரு தடவை அவரை உக்காருங்கன்னு சொல்லியிருந்தா நான் ஏன்டி டயர்ல கை வைக்கிறேன்?"

தையல்காரிக்குப் பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. யாராவது பார்ப்பார்கள், ஏதாவது பேசுவார்கள் என்று பயந்து பயந்து அவரை நிற்க வைத்தே அனுப்பியவள் அவள்தான்.

"ஆக, கேஸ் முடிஞ்சுது," என்றாள் மருந்துக்கடைக்காரி.

"நீ முதல்ல மேல போய் எங்க அண்ணி கால்ல விழு," என்று சொல்லிவிட்டுத் தையல்காரி செருப்பை மாட்டினாள்.

"நானும் வந்து மன்னிப்புக் கேக்குறேன்," என்று எழுந்தாள் கிளட்ச்.

"நீ அந்த வண்டி இருக்கிற திசைக்கே வராத."

மெஷின்காரர் தன் கடையில் கழற்றிப் போட்ட மெஷின்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். டயர் கதையை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

"உங்க தோழிக்கு எதுக்குங்க இவ்வளவு அக்கறை?"

"அவளுக்கு அறிவே கிடையாது," என்றாள். வருகிற வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தவளுக்கு இப்போது அதற்குமேல் திட்ட வரவில்லை. "என் மேல உயிரையே வச்சிருக்கா."

வெளியே இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள் தையல்காரி. "நாளைக்கு வாங்க. வந்து உக்காருங்க. கிளம்புறேன்னு மட்டும் சொல்லாதீங்க."