டேலியா இருட்டு

1934ஆம் ஆண்டு மார்கழி நாலாந் திகதி தொடக்கம், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பதினோராம் நம்பர் வீட்டுக்கு மட்டும் காலை பத்து மணிக்கே பொழுதுபட்டது. அந்த வருடம் அரிசி என்ன விலை விற்றது என்று கேட்டால் நான் யோசிக்க வேண்டிவரும்; இந்தத் திகதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழையிருட்டு என்றும் கிரகணம் என்றும் சொன்னவர்கள் படலையைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்காதவர்கள். முன்பாத்தியிலும் ஜன்னலோரத் தகரங்களிலும் பூத்திருந்த இருபத்தேழு டேலியாப் பூக்கள்தான் காரணம்.

அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர் காரைநகர்த் தியாகராசா. கோட்டையில் தந்தி அடிக்கும் உத்தியோகம். ஆறு வருடமாக இராக் கடமை. விடியற்கால ரயிலில் வந்து படுத்தால் நித்திரை கிடையாது. ஜன்னலுக்குச் சீலை கட்டிப் பார்த்தார், கண்ணுக்கு லேஞ்சி கட்டிப் பார்த்தார், டொக்டரிடம் மருந்து வாங்கிக் குடித்தார். வெளிச்சம் எப்படியோ வந்து இமைக்குள் புகுந்துவிடும். ஆவணியில் ஒருநாள், கண்டிக்குப் போகவேண்டிய செத்தவீட்டுத் தந்தியை மட்டக்களப்பில் ஒரு கல்யாண வீட்டுக்கு அடித்துவிட்டார். அங்கே மேளத்தை நிறுத்திவிட்டு, செத்தது யாரென்று தெரியாமலே அழுதார்களாம். இன்னுமொரு பிழை விட்டால் வேலையில்லை என்று கந்தோரில் கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தை வாசித்த மனைவி பாலேஸ்வரிக்கு வேலை போவதுகூடப் பெரிதில்லை. சிவந்த கண்ணோடு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் மனிதரைப் பார்ப்பதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

அந்தக் கிழமைதான் காளியப்பன் ஒரு சாக்கோடு ஒழுங்கைக்குள் வந்தார். நுவரெலியாவில் துரை பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தவர். துரை சீமைக்குப் போய்விட்டதால் தோட்டத்து டேலியாக் கிழங்குகளை விற்றுக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு வருடமும் ஆகக் கறுத்த பூவின் கிழங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவது துரைசாணியின் பழக்கமாம். பதினெட்டு வருடம் அப்படிச் செய்ததில் பூ வெளிச்சத்தைத் தின்னப் பழகிவிட்டது என்று, எருவின் அளவு சொல்வதுபோல் சொன்னார். "கொழும்புச் சூட்டுக்கு வருமோ என்னமோ தெரியாதுங்க அம்மா. முளை காட்டுற வரைக்கும் தண்ணி ஊத்திப்புடாதீங்க, அழுகிரும்."

பாலேஸ்வரி ஊற்றவில்லை. மண்ணெண்ணெய்த் தகரங்களின் அடியில் ஓட்டை போட்டு, ஆற்றுமணலும் மாட்டெருவும் கலந்து, மழை படாமல் தாழ்வாரத்தில் வைத்தாள். முளைத்தவற்றில் பாதியைப் பாத்தியில் நட்டுத் தடி கட்டினாள். நாலு சோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளினாள். பிறகு பக்க மொட்டுகளை நுள்ளி எறிந்து கிளைக்கு ஒன்று விட்டாள். நத்தை பிடித்தே அவள் விரல் வழுவழுத்துப் போயிற்று. முதல் பூ நாவற்பழ நிறத்தில் விரிந்தபோது, ஜன்னலடியில் இருந்து ஊசிக்கு நூல் கோக்க முடியவில்லை. பத்துப் பூ வந்தபோது சுவர் மணிக்கூடு தெரியவில்லை. இருபத்தேழுக்குச் சில்வண்டே கத்தியது. அன்று காலை பத்து மணிக்குப் படுத்த தியாகராசா பின்னேரம் ஐந்து மணிக்கு எழும்பித் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பாலேஸ்வரி குசினிக்குள் நின்று அழுதாள், சந்தோஷத்தில்தான்.

கொட்டாஞ்சேனையில் கல்யாணப் பூச்செண்டு கட்டும் மெற்றில்டா கேள்விப்பட்டு வந்து மூன்று பூ வாங்கிப் போனாள். அந்த மணமகள் பீடத்துக்குப் போய்ச்சேர எட்டு மெழுகுதிரி தேவைப்பட்டது. மோதிரத்தைப் பாதிரியார் தடவித்தான் எடுத்தார். அழகான கல்யாணம் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒன்றும் தெரியாததால் ஒருவருக்கும் குறை சொல்ல வழியில்லை.

மதிலுக்கு அடுத்த பக்கம் வீட்டுச் சொந்தக்காரர் பலீல் முதலாளி இருந்தார். காலி வீதியில் புடவைக்கடை. தன் கோழிகள் பத்தரைக்கே கூட்டில் ஏறுவதை அவர் பொறுத்துக்கொண்டார். நோன்பு மாதம் வந்தது. ஒருநாள் மத்தியானம் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தவர், காற்று மாறி இருட்டு மதில் தாண்டி வந்ததை அறியவில்லை. விழித்தால் கும்மிருட்டு, மணிக்கூடும் தெரியவில்லை, மனைவி அஸீஸா தெமட்டகொடையில் தங்கச்சி வீட்டில். பேரீச்சம்பழத்தைக் கடித்து, சர்பத்தும் குடித்து, தொழ எழும்பியபோது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஒழுங்கையால் கத்திக்கொண்டு போனார்கள். நேரம் மூன்றரை. நாற்பது வருடமாக ஒரு நோன்பு தவறவிடாத மனிதர்.

படலையடிக்கு வந்தார். "தம்பி, ஒங்கட பூவால எனக்கு ஒரு நோன்பு போய்த்து. ஒண்டில் பூ போகோணும், இல்லாட்டி ஊட்ட உடோணும்." சத்தம் போடவில்லை, கண் கலங்கியிருந்தது. அதனால்தான் பாலேஸ்வரி மறுநாளே செடிகளைத் தோண்டி, கிழங்குகளை மண் போகக் கழுவி, ஒரு கடகத்தில் போட்டுக் குசினி மூலையில் வைத்தாள். தியாகராசா மறுபடி முகட்டைப் பார்க்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் கந்தோரில் ஒரு தந்தியை அனுப்பப்போய், கடைசி நிமிடத்தில் ஊர்ப் பெயர் பிழையென்று கண்டு வியர்த்துவிட்டார்.

அன்று பின்னேரம் பாலேஸ்வரி சந்தைக்குப் போயிருந்தாள். அஸீஸா வழக்கம்போல் நோன்புக் கஞ்சியை மதிலுக்கு மேலால் நீட்டினாள். சண்டை ஆம்பிளைகளோடு, கஞ்சி அதுபாட்டுக்கு. வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்புவது அந்த ஒழுங்கையில் வழக்கமில்லை. நித்திரையில்லாத தியாகராசா சுற்றுமுற்றும் பார்த்தார். கடகத்தில் வற்றாளங்கிழங்கு கண்டார். அவருக்கு அது வற்றாளங்கிழங்குதான். பாத்திரம் நிறையப் போட்டுக் கொடுத்தார். அஸீஸா அவித்துத் தேங்காய்ப்பூ தூவினாள். கிழங்கு தனக்கு வாய்வு என்று அவள் தொடவில்லை. திரும்பிவந்த பாலேஸ்வரி விஷயம் தெரிந்து மதிலடிக்கு ஓடினாள். அதற்குள் பலீல், இரண்டு மணிக்கூடு பார்த்து நோன்பு திறந்து, ஆறாவது கிழங்கில் இருந்தார். நல்ல ருசி என்று சொல்லியனுப்பினார். மிச்சக் கிழங்குகள் அந்த மழை ஈரத்தில் அழுகிப்போயின.

அடுத்தநாள் பத்து மணிக்குப் பலீலின் கடை இருண்டது. நீலச் சேலையையும் பச்சைச் சேலையையும் பிரித்தறிய முடியாமல் வாடிக்கையாளர்கள் தடுமாற, முதலாளி கொஞ்சம் வெளியில் போய் நின்றால் நல்லது என்று கடைப் பையன்கள் மரியாதையாகச் சொன்னார்கள். வெளியில் போனார், கடை வெளித்தது, பஸ் நிற்கும் இடம் இருண்டது. வீட்டுக்கு வந்தார். அஸீஸா அவருடைய காதுக்குப் பின்னால், கக்கத்தில் எல்லாம் மொட்டு ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, இருட்டு மட்டும்தான். பின்னேரம் ஐந்து மணிக்குத் தானாகவே போய்விட்டது. மறுநாள் பத்துக்குத் திரும்ப வந்தது. நாலாம் நாள் அவள் பொறுமை இழந்தாள். "இஞ்ச நீங்க இருந்தா எனக்கு உப்பும் தெரியல்ல, சீனியும் தெரியல்ல. இருட்டு வேணுமிண்டு அழுற ஊட்டுக்குப் போங்களே."

பலீல் பதினோராம் நம்பர் படலையில் வந்து நின்றார். கொழும்பு முழுவதிலும் பகல் பத்திலிருந்து ஐந்துவரை அவரை விரும்பக்கூடிய வீடு அது ஒன்றுதான். அதைத்தான் அவர் காலிபண்ணச் சொல்லியிருந்தார். தொப்பியைச் சரிசெய்தார். பாலேஸ்வரி அவர் பின்னால் நின்ற இருட்டைப் பார்த்தாள். "வாங்கோ நானா, உள்ளுக்கு வந்து இருங்கோ," என்றாள். அறைக்கு வெளியே கதிரை போட்டாள். கால் மணி நேரத்தில் உள்ளே ஒரு குறட்டையும் வெளியே ஒரு குறட்டையும் கேட்டன.

அதன்பின் இரண்டு வருடம் பலீல் ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் வந்தார். மணிக்கூடு பார்க்க ஒரு டோர்ச் லைட் வாங்கினார். ஒரு நோன்பும் பிறகு தவறவில்லை. தியாகராசா ஒரு தந்தியும் பிழையாக அடிக்கவில்லை, உடம்பும் வைத்தது. 1937இல் பலீல் ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறினார். தியாகராசா அந்த மூன்று மாதத்துக்கும் லீவு கேட்டு எழுதினார். காரணம் என்ற இடத்தில், பலீல் முதலாளி ஊரில் இல்லை என்று போட்டார். வெள்ளைக்கார அதிகாரி அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு, திகதி போட மறந்ததாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். திகதி போட்டுக் கொடுத்ததும் கையொப்பம் வைத்தார்.