எரிமலைக்கு முதலிடம்

மாவட்டத்தில் என்னென்ன ஆபத்துகள் இருக்கின்றன, அவற்றில் எது பெரியது, எது சின்னது என்று வரிசைப்படுத்த ஐந்து அதிகாரிகள் ஒரே அறையில் கூடியிருந்தார்கள். அந்த அறையிலேயே ஓர் ஆபத்து இருந்தது. கூரையில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த மின்விசிறி. அது யார் தலையில் விழுமோ என்று பயந்து ஒவ்வொருவரும் யாருக்கும் தெரியாமல் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி, கூட்டம் தொடங்கும்போது ஐந்து பேரும் ஒரே மூலையில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் மறுபாதி அனாதையாகக் கிடந்தது.

கூட்டத்தை நடத்தியவள் திட்டப் பிரிவின் செயலாளர். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும், மேகமே இல்லாத நாளிலும் கையில் குடையோடு வருவதால் அலுவலகத்தில் அவளுக்குக் குடையக்கா என்றே பெயர். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று கேலி செய்வார்கள். பயப்படுவதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் மழைக்காலம் தொடங்கவிருந்ததால், அன்று காலையிலிருந்தே அவளுக்கு உண்மையாகவே பயம். காரணம், அவள் தங்கை.

தங்கையின் வீடு கீழ்த்தெருவில் கடைசி வீடு. ஊருக்கு மேலே மொட்டைக்குன்று, அதன் சரிவில் ஏரி. ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது, நேராகக் கீழ்த்தெருவுக்குத்தான் வரும். போன மழையில் கட்டில் கால் முங்கிவிட்டது. கைக்குழந்தை ஒன்று, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை ஒன்று, வாரக் கடைசியில் மட்டும் முகம் காட்டும் புருஷன் என்று இருப்பவள், "தரை கழுவுற வேலை மிச்சம்க்கா" என்று சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து இரு என்று அக்கா கெஞ்சாத மழைக்காலம் இல்லை. "உனக்குக் குழாய்ல தண்ணி வந்தாக்கூட வெள்ளம்தான்" என்று தங்கை ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவாள்.

முதல் மூன்று இடங்களுக்குள் வரும் ஆபத்துக்குத்தான் மேலிடம் நிதி தரும். வெள்ளம் அதற்குள் வந்துவிட்டால் கீழ்த்தெருவுக்கு ஓர் அபாயச் சங்கும் அகலமான பாலமும் கிடைக்கும். குடையக்காவுக்கு அதுதான் வேண்டும். ஆனால் செயலாளருக்கு ஓட்டு கிடையாது. அவள் எண்ணலாம், எண்ணத்தைச் சொல்லக் கூடாது. வெள்ளத்துக்காக வாதாட வேண்டிய பாசனப் பொறியாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அந்த நாற்காலியில் இப்போது டீத் தட்டு உட்கார்ந்திருந்தது.

ஆபத்துகளின் பட்டியலை எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவாக மேலிடமே அனுப்பியிருந்தது. ஒரு வரியைக்கூட அடிக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் உத்தரவு.

"என்னம்மா இது, எரிமலைன்னு போட்டிருக்கு?" என்றார் தீயணைப்பு அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு. "நம்ம மாவட்டத்துல எரிமலை எங்க இருக்கு?"

"இருந்துட்டுப் போகட்டும் சார். உங்ககிட்ட சோறா கேக்குது?" என்றார் கால்நடை மருத்துவர்.

விதி எளிமையானது. ஆளுக்கு இருபது புள்ளி. ஒரே ஆபத்துக்குப் பத்துக்கு மேல் போடக் கூடாது. மிச்சம் வைக்கவும் கூடாது. ஐந்து பேரும் பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடும் என்று பயப்படுகிறவர்களைப் போல, கையால் மறைத்து மறைத்துச் சீட்டில் எழுதினார்கள். எழுதி முடித்த ஒவ்வொரு முகத்திலும் ஒரு கள்ளச் சிரிப்பு.

குடையக்கா சீட்டுகளைப் பிரித்து உரக்கப் படித்தாள். தீயணைப்பு அதிகாரியின் சீட்டில் தீவிபத்துக்குப் பத்து, எரிமலைக்குப் பத்து. சாலைப் பொறியாளர் ரசாயன லாரி கவிழ்வதற்குப் பத்து போட்டிருந்தார், எரிமலைக்கும் பத்து. மூன்றாவது, வேளாண்மை அதிகாரி அம்மாளுடையது. வறட்சிக்குப் பத்து, எரிமலைக்குப் பத்து. குடையக்காவின் உதடு துடிக்க ஆரம்பித்தது. கால்நடை நோய், எரிமலை. கடைசிச் சீட்டு சுகாதார மருத்துவருடையது. தொற்றுநோயைப் படித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தபோது அவள் குரல் கீச்சென்று போய்விட்டது.

"முதலிடம்..." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஐம்பது புள்ளியோட, எரிமலை."

 தீயணைப்பு அதிகாரி நெளிந்தார். "அது வந்தும்மா, என்னோடதுக்குப் பத்து போட்டாச்சு. மீதிப் பத்த இவங்கள்ல யாருக்காவது போட்டா அவங்க என்னத் தாண்டிப் போயிடுவாங்க. அதான் யாருக்கும் உதவாததா பாத்துப் போட்டேன்."

"அடப்பாவி, நானும் அதத்தான் பண்ணேன்!" என்றார் சாலைப் பொறியாளர். "இந்த மூளை எனக்கு மட்டும்தான் இருக்குன்னு நெனச்சேனே!"

முதலில் வேளாண்மை அம்மாள்தான் வெடித்தார். அவர் சிரித்தால் வளையல்கள் எல்லாம் குலுங்கும். அடுத்தது கால்நடை மருத்துவர். சுகாதார மருத்துவர் டீயை விழுங்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக விட்டார். அதைப் பார்த்து எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். ஐந்து துறைகளின் தலைகளும் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தன. குடையக்காவுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் பாதி சிரிப்பு இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளத்துக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை.

அடுத்து அவள் கேட்டது குறும்பில் கேட்டதா, கடமைக்குக் கேட்டதா என்று பின்னாளில் யோசித்தபோதும் அவளுக்கே விளங்கவில்லை. "முதலிடத்துக்கு விவரம் எழுதணும் சார். எரிமலை வெடிச்சா அந்த நெருப்புக் குழம்பு எந்தப் பக்கமா ஓடும்?"

கேட்டதுதான் தாமதம், சாலைப் பொறியாளர் துள்ளி எழுந்து சுவரில் இருந்த வரைபடத்திடம் போனார். "மொட்டைக்குன்றுலதான் வெடிக்கும். வேற குன்றுக்கு நாம எங்க போறது? இப்படி இறங்கி பஸ் நிலையம். அப்புறம் சந்தை."

"சந்தையில கொஞ்சம் நின்னு கத்தரிக்கா வாங்கிட்டுப் போகுமா?" என்றார் சுகாதார மருத்துவர், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"எங்க நிக்கும்? அங்கேருந்து ஒரே சரிவு. நேரா கீழ்த்தெரு."

"ஆடு மாடெல்லாம் அதுக்கு முன்னாடியே மோப்பம் புடிச்சு ஓடிடும். மனுஷங்கதான் தூங்கிட்டிருப்பாங்க," என்றார் கால்நடை மருத்துவர்.

"நான் எதுக்கு இருக்கேன்? வண்டிய எடுத்துட்டுப் பறந்து வந்துட மாட்டேன்?" தீயணைப்பு அதிகாரி மார்பைத் தட்டிக்கொண்டார்.

"பறந்துதான் வரணும். கீழ்த்தெருப் பாலத்துல உங்க வண்டி நுழையாது. கட்டினதே நாங்கதான்!" என்றார் சாலைப் பொறியாளர்.

மறுபடியும் ஒரே சிரிப்பு. ஆம்புலன்ஸ் நுழையுமா என்று சுகாதார மருத்துவர் கேட்டார். அதுவும் நுழையாது என்றார் பொறியாளர். இந்தத் தடவை சிரிப்பு கொஞ்சம் மெலிந்திருந்தது.

"சரி, குன்று வெடிச்சிருச்சுன்னு கீழ்த்தெருக்காரங்களுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டார் வேளாண்மை அம்மாள்.

"எங்க ஸ்டேஷன்ல சங்கு இருக்கே," என்றார் தீயணைப்பு அதிகாரி. சொன்ன பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா அது சந்தையத் தாண்டிக் கேக்காது."

வேளாண்மை அம்மாள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வளையல் ஓய்ந்துவிட்டது. "ஏன் சார், போன மழைக்கு ஏரித் தண்ணி இதே வழியாத்தானே வந்துச்சு?"

  பொறியாளரின் விரல் இன்னும் கீழ்த்தெருவின் முனையிலேயே இருந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"அந்தக் கடைசி வீட்ல யாரும்மா இருக்காங்க?" என்று தீயணைப்பு அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

கருத்துச் சொல்லத்தான் அவளுக்குத் தடை. இது கருத்து இல்லை. "என் தங்கச்சி சார். ரெண்டு சின்னக் குழந்தைங்களோட."

அவர் தன் சீட்டைத் தானே எடுத்து நான்காகக் கிழித்தார். "வேற சீட்டு குடும்மா."

இந்த முறை யாரும் கையால் மறைக்கவில்லை. வெள்ளத்துக்கு ஐம்பது புள்ளி. மீதிப் பத்தை அவரவர் தங்கள் துறைக்கே போட்டுக்கொண்டார்கள். அதிகாரிகள் ஒரே நாளில் மகான்களாகிவிடுவார்களா என்ன? ஐந்து பேரும் சமமாக நின்றதால், இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நாளை வந்து அடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எரிமலைக்குப் பாவம், ஒன்றும் இல்லை.

குடையக்கா படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். கடைசிப் படிக்கு வருவதற்குள் தங்கையைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அடியே, நாம ஃபர்ஸ்ட்டு!"

"எதுலக்கா? பாட்டுப் போட்டியா?"

"மாவட்டத்துலயே பெரிய ஆபத்து உன் தெருதான்டி! ஐம்பதுக்கு ஐம்பது!"

 "இதுக்கா இந்தக் குதி குதிக்கிற? நான் என்ன பண்ணணும், தெருவுக்கே மிட்டாய் குடுக்கணுமா?"

குடையக்கா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எரிமலையை, மூக்கு வழியாக வந்த டீயை, பறந்து வர வேண்டிய தீயணைப்பு வண்டியை. தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தாள். சங்கு வரும், பாலம் வரும் என்று அக்கா அடுக்கிக்கொண்டே போனாள்.

"அதெல்லாம் எப்போக்கா வரும்?"

குடையக்காவின் சிரிப்பு நின்றது. திட்டம் மேலே போக வேண்டும், ஒப்புதல் வர வேண்டும், டெண்டர் விட வேண்டும். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ரெண்டு மூணு வருஷம் ஆகும்டி."

"ம்." பின்னால் பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "அக்கா, நெஜமாவே அஞ்சு பேரும் சொன்னாங்களா? நீ வழக்கம்போல பயந்துட்டு எதையாவது போட்டுவிடலையே?"

"எனக்கு ஓட்டே கிடையாதுடி."

பிள்ளையை ஒரு அதட்டு அதட்டிவிட்டுத் தங்கை யோசித்தாள். இத்தனை மழைக்காலமாக அவள் இப்படி யோசித்ததே இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். 

"சரி. அந்தச் சின்ன ரூம ஒழிச்சு வை. மழை முடியற வரைக்கும்தான், சொல்லிட்டேன்."

குடையக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  "எப்போடி வர?"

"பிள்ளைங்களக் குளிப்பாட்டிட்டு, சாயங்காலமே."