பத்துக் கோடு ஆட்டம்

என் சகலைக்குப் புது டிரில் மெஷின் வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிற ஆசாமி. அவனுக்கு எதற்கு மெஷின்? நான் ஒருத்தன், யாரோ கழித்துப்போட்ட பழைய மெஷினோடு கார் கொட்டகையில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சின்னச் சின்ன இரும்புச் சாமான் செய்வது என் பொழுதுபோக்கு.

என் மெஷினின் சக், அதாவது ஓட்டை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம், தேய்ந்துவிட்டது. சுற்றும்போது பிட் லேசாக ஆடும்.

இந்த நேரம் பார்த்து மனைவியின் தையல் மெஷினில், மிதிப்பலகையைக் கம்பியோடு சேர்க்கும் பட்டை உடைந்தது. வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள் அவள். புதுப் பட்டை நானே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூன்று ஓட்டை போடும் வேலை. அதை நான் போட்டு, அவள் என்னை மெச்சி, சகலையின் பேச்சே இந்த வீட்டில் எடுபடாமல் போக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

"எப்பதான் முடியும்?"

"சக் ஆடுதும்மா. அப்படியே போட்டா ஓட்டை பெரிசாயிடும்."

"அது ஆடட்டும். நீங்க ஆடாம இருந்தாப் போதும். தங்கச்சி வீட்டுக்காரரைக் கேக்கட்டுமா?"

"கேட்டே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

சக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினேன். ஆட்டத்தை அளக்க டயல் கேஜ் வாங்கினேன். அதில் ஒரு கோடு என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முள் பத்துக் கோடு ஆடியது. மறுபடி கழற்றி மாட்டினேன். அதே பத்து. இது போதும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார், இன்னொருவர் சக்கைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். நான் இரண்டாமவரை நம்பினேன்.

பட்டை அப்படியே கிடந்தது. எனக்கோ வேறு கவலை. அவனுடையது எத்தனை கோடு ஆடும்?

பொறுக்க முடியவில்லை. கேஜையும் நேரான ஒரு கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"வாங்க சகலை, உக்காருங்க. காபி போடறேன்" என்று அவசரமாக உள்ளே போய்விட்டான்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கூடத்து மூலையில் நின்ற அவன் மெஷினின் சக்கில் கம்பியை மாட்டி, கேஜை ஒட்டவைத்து, கையால் மெல்லச் சுற்றினேன். பதினெட்டுக் கோடு! பளபளவென்று பெயிண்ட் அடித்த புது மெஷின், என் கிழட்டு மெஷினைவிட மோசம். இன்னொரு முறை சுற்றினேன். பதினெட்டேதான். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவன் கொண்டுவந்த காபியை இனிக்க இனிக்கக் குடித்தேன். பாவம், நல்லவன்தான் என்றுகூடத் தோன்றியது.

கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே கத்தினேன்.

"கேட்டியா, அவன் மெஷின் என்னோடதைவிட ஆடுது! பதினெட்டு!"

உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்படி ஓடுது?"

மனைவி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வாரமே அவர் பட்டை போட்டுக் குடுத்துட்டார். ஒரு வாரமா ஓடுது. நீங்க கொட்டகையை விட்டு வந்தாத்தானே தெரியும்."

"அவன் மெஷின் ஆடுதுடி!"

"ஆடும்னு அவரே சொன்னாரே. ஒரு ஓட்டை கோணிப்போச்சுன்னு அரத்தால ராவிக் குடுத்தார். இந்த வேலைக்கு இது போதும்னார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்."

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன். உங்களுக்குத் தாங்காதுன்னு."

ஆக, அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்குக் காபி போட்டிருக்கிறான். என் காது சுட்டது.

தையல் மெஷினுக்கு அடியில் குனிந்தேன். மூன்று ஓட்டையில் ஒன்று முட்டை மாதிரி இருந்தது. பட்டையைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தேன். அது அசையவில்லை. இன்னும் பலமாக அசைத்தேன்.

"கையை எடுங்க" என்றாள் மனைவி. "மிதிக்கணும்."