நசுங்காத தக்காளி

என் காய்கறிக் கடையில் இரண்டு விலை உண்டு. ஒன்று ஊருக்கு, இன்னொன்று தையல்காரம்மாவுக்கு. அவருக்குச் சொல்வது எப்போதும் கூடுதல். அவர் திட்டத் திட்ட நான் அழாத குறையாக இறங்கி வருவேன். கடைசியில் பாதி விலையில் பை நிறையும். இனாம் என்றால் தொடமாட்டார். ஒருமுறை நான்கு உருளைக்கிழங்கைக் கூடுதலாகப் போட்டேன்; அரைமணி நேரத்தில் நான்கும் திரும்பி வந்தன. அவருடைய அப்பாவும் அப்படித்தான், என் அப்பாவோடு சண்டை போட்டே பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியவர். பரம்பரைப் பகை என்று பக்கத்துக் கடைக்காரர் இன்னும் நம்புகிறார்.

அன்று தையல்காரம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக மெஷின் ஓடவில்லை. வீட்டில் ஐந்து வயிறு. பத்து வயது மகள் வந்தாள், மூடிய கைக்குள் சில்லறையோடு.

"தக்காளி என்ன விலை மாமா?"

பழக்கதோஷத்தில் கூடுதல் விலையைச் சொல்லிவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"சரி மாமா" என்று திரும்பி நடந்தாள்.

ஐந்து பேரின் சாப்பாடு நடந்து போகிறது. நானாகக் குறைத்தாலோ இனாமாகிவிடும். பை திரும்பி வரும்.

"நில்லும்மா. உங்கம்மாவா இருந்தா தக்காளி நசுங்கியிருக்குன்னு சண்டைக்கு வந்திருப்பாங்க."

ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நசுங்கலையே."

வியாபாரத்துக்கு உதவாத நேர்மை. தக்காளியை வாங்கிக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். "இப்ப?"

"நீங்கதானே நசுக்கினீங்க."

"நசுக்கினவன்தானே நஷ்டப்படணும்? பாதி விலை."

என்னைப் பார்த்தாள். மூடிய கையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தரிக்காயும் நசுங்குமா மாமா?"

"அழுத்தினா எதுதான் நசுங்காது?"

"முட்டைக்கோஸ்?"

"அது கஷ்டம்."

"கை தவறிக் கீழ விழலாம்ல?"

விழுந்தது. கல்லு மாதிரி கோஸ். மூன்று தரம் விழவேண்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, கையில எண்ணெயா?" என்றார்.

காய்ச்சல் விட்டதும் தையல்காரம்மா நேராக வந்து நின்றார்.

"சின்னப் பொண்ணுன்னா இளிச்சவாயா? நசுங்கினதையெல்லாம் தலையில கட்டியிருக்கீங்க. ரெண்டு நாளா அதைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம்."

தெருவுக்கே கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, அவர் முதுகுக்குப் பின்னால் மகள் ஒரு நல்ல பூசணிக்காயைப் பலகையின் ஓரத்துக்கு மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்.