ஓடைக்கரையில் ஒன்பது வீடுகள்

குழம்பில் புளிப்புப் போதவில்லை என்று அன்று காலை என் கணவர் லேயோங் சொன்னார். முந்தின நாள் ஏரியில் பிடித்த மீன். இன்னும் இரண்டு கொத்துப் புளியந்தளிர் போட்டிருக்கலாமாம். மரம் வாசலில்தானே நிற்கிறது, கையை நீட்டிப் பறிப்பதற்கென்ன என்று கேட்டேன். அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தேன். வீட்டைத் தூக்க வேண்டும்.

இது நடந்தது ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்தில், ஒரு செவ்வாய்க்கிழமை.

மணிலாவுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் தலாகாவுக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே எல்லோருக்கும் சொந்தம். எருமை மேய்ப்போம், மூங்கில் வெட்டுவோம், பிரம்பு எடுப்போம். மலையடிவாரத்தில் இருந்த பாதிரிமார் பண்ணை ஒவ்வோர் அளவையிலும் கொஞ்சம் இறங்கி வந்தது. இந்தத் தடவை ஓடைவரை அளக்கப்போகிறார்கள் என்றும், வியாழக்கிழமை அளவுக்கயிறு வரும் என்றும் ஊர்மன்றக் கதவில் ஸ்பெயின் ராஜாவின் உத்தரவை ஒட்டியிருந்தார்கள். என் அப்பா மாதா கோயிலில் மணியடிப்பவர். ஜெபப் புத்தகத்தை வைத்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் உத்தரவை ஊருக்குப் படித்துச் சொன்னது நான்தான். அதன் கடைசியில் ஒரு வரி இருந்தது: வீடு நின்று, அடுப்பு எரியும் மனையைப் பண்ணையின் அளவுக்குள் சேர்க்கலாகாது.

ஊர்த்தலைவர் திமோ நம்பவில்லை.

"நல்லாப் பாத்தியா தீகா? அப்படியேவா எழுதியிருக்கு?"

"மூணு தடவை படிச்சேன் தலைவரே."

"படிச்சு என்ன? மேய்ச்சல்ல வீடு ஏது? எருமையா வீடு கட்டியிருக்கு?"

அப்போது லேயோங் சொன்னார்: "இல்லேன்னா தூக்கிட்டுப் போய் வெச்சாப் போச்சு. வெள்ளம் வந்தாத் தூக்குறோம், மகளைக் கட்டிக் குடுத்தாத் தூக்குறோம். ராஜாவோட உத்தரவுக்காகத் தூக்கக் கூடாதா?"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

எங்கள் வீடுகள் மூங்கிலும் பனையோலையும். தூண்கள் தட்டைக் கல்மேல் உட்கார்ந்திருக்கும்; தளம் ஆள் உயரத்தில் இருக்கும், ஏணி வைத்து ஏறுவோம். குறுக்கே நீள மூங்கில்களைக் கட்டி இருபது பேர் தோள் கொடுத்தால் கூரையோடு எழுந்துவிடும். அரிசி, உப்பு, ஒரு குடம் தண்ணீர் மூன்றையும் வீட்டுக்காரி முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. இடம் மாறிய வீடு ஓர் இரவு தூங்க வேண்டும்; அடுப்பை மறுநாள் விடிந்துதான் மூட்ட வேண்டும். அதற்குமுன் நெருப்பு வைத்தால் அந்த வீட்டு ஆண் இருக்கமாட்டான் என்பார்கள். அதை நினைத்துத்தான் வியாழனுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தூக்கினோம். செவ்வாய் தூக்குவது, புதன் விடியலில் மூட்டுவது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஒன்பது வீடுகள் போயின. பக்கத்து வீட்டு நார்தா அக்கா வழியெல்லாம் தன் புருஷனை விடவில்லை.

"ஏய் கஸ்பார், தோள் குடுக்கிறியா, மூங்கில்ல தொங்கிக்கிட்டு வரியா?"

"நீ இறங்கிட்டியா அக்கா, இல்ல உள்ளதான் இருக்கியா?" என்று லேயோங் கேட்டார். "வீடு இந்தக் கனம் கனக்குது!"

"என் கனம் உனக்கென்னடா தெரியும்? சுமக்கிறவனைக் கேளு!"

"என்னைக் கேக்காதீங்கப்பா" என்றார் கஸ்பார். சிரிப்பில் வீடு ஒரு பக்கம் சாய்ந்து, தலைவர் கத்தியதும் மறுபடி நிமிர்ந்தது.

ஒன்பதாவது வீட்டைக் கல்லில் இறக்கி, எல்லோரும் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேற்கே குதிரைகள் தெரிந்தன. யாரோ சொல்லியிருக்கிறார்கள். கயிறு வியாழனுக்குக் காத்திருக்கவில்லை.

முன்னால் வந்தவர் பண்ணைக் காரியஸ்தர் இகீனியோ. எங்கள் ஊரில் பிறந்து, எங்களோடு எருமையேறி வளர்ந்தவர். இப்போது பெயருக்கு முன்னால் மரியாதை சேர்த்து, தோன் இகீனியோ. கூடவே எட்டு ஆட்கள். பின்னால் மணிலாவிலிருந்து வந்த அளவைக்காரர், கையில் பித்தளைத் திசைகாட்டியோடு.

"என்னடா இது, வீடெல்லாம் நடந்து வந்துருச்சா?" என்றார் இகீனியோ. "போன வாரம் இங்க புல்லுதானே இருந்துச்சு?"

நார்தா அக்கா கையைக்கூடக் கழுவவில்லை. "உங்க பண்ணையும்தான் நடந்து வந்துச்சு தோன். எங்க தாத்தா காலத்துல மலைக்குக் கீழ இருந்துச்சு. இப்ப ஓடையில தண்ணி குடிக்க வந்துருக்குபோல."

அளவைக்காரர் இளைஞர். சிரிப்பை அடக்கிக்கொண்டார். உத்தரவை எடுத்து நிதானமாகப் படித்தார். "வீடு நின்னா அளக்கக் கூடாதுன்னு இருக்கு. எப்ப வந்த வீடுன்னு கேக்கல" என்றார். "ஆனா அடுப்பு எரியணும்னும் இருக்கே. எங்கயும் புகை காணோமே?"

இகீனியோ சிரித்தார். வழக்கம் அவருக்குத் தெரியாதா? "இன்னிக்கு எரியாதுங்க. இந்த ஜனங்க சாவாங்களே தவிர இன்னிக்கு நெருப்பு வைக்கமாட்டாங்க. ஆக இது வீடு இல்ல, வெறும் மூங்கில் குவியல்." ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "கயித்தைக் கட்டி இழுங்கடா."

முதலில் இருந்தது எங்கள் வீடு.

லேயோங் என்னைப் பார்த்தார். அவர் கேட்டதும் நான் மறுத்ததும் எல்லாம் பார்வையிலேயே முடிந்துவிட்டது. பிறகு வாய்விட்டுச் சொன்னார்: "ஏறு தீகா. போய் மூட்டு."

"நாளைக்குத்தான்..."

"நாளைக்கு மூட்ட அடுப்பு இருக்காது. ஏறு."

நான் ஏணியில் ஏறினேன். அவர் வீட்டுக்கடியில் நுழைந்து மூலைத்தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். சிக்கிமுக்கியைத் தட்டுகிறேன், பஞ்சு பிடிக்கவில்லை. கீழே இகீனியோவின் குரல்: "வெளிய வாடா லேயோங், பைத்தியக்காரா. வீடு மேல விழும்."

"விழட்டும். என் வீடு என் மேல விழுது, உனக்கென்ன?"

பஞ்சு பிடித்தது. ஊதினேன். சுள்ளி பற்றியது. ஓலை இடுக்கு வழியாகப் புகை வெளியே போனதை நான் பார்க்கவில்லை, அளவைக்காரர் "புகை! நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தியதைக் கேட்டேன். நிறுத்தவில்லை. தளம் என் காலடியில் சரிந்தது.

மண்பரப்பிய அடுப்புப்பெட்டி சறுக்கிப் போய்ப் புல்லில் நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் அதன் பக்கத்தில் விழுந்தேன். லேயோங் எழவில்லை. மூலைத்தூண் அவர் நெஞ்சின் குறுக்கே கிடந்தது. அவர் கை அதை இன்னும் பிடித்திருந்தது.

நான் அழுதேனா என்று நினைவில்லை. அடுப்பில் கனல் இருந்தது நினைவிருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரிலிருந்தே மூங்கிலைப் பிய்த்துப் போட்டேன். இகீனியோ பக்கத்தில் வந்து, "பாத்தியா, நான் சொல்லல? வழக்கத்தை மீறி நெருப்பு வெச்ச, புருஷன் போயிட்டான்" என்றார். ஊராரில் பாதிப்பேர் அப்போது அப்படித்தான் நினைத்தார்கள். அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

"நெருப்பு கொல்லல" என்றேன். "கயிறு கொன்னுச்சு. இழுத்தது எட்டு பேர். எல்லார் பேரும் எனக்குத் தெரியும்."

இகீனியோ அடுத்த வீட்டைக் காட்டினார். அது நார்தா அக்காவுடையது. அக்கா தன் புருஷனைப் பார்த்தாள். கஸ்பார்தான் சொன்னார்: "மூட்டு நார்தா. செத்தா சாகறேன்."

அவள் என் அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துக்கொண்டு போனாள். பிறகு தலைவர் திமோவின் மனைவி வந்தாள். பிறகு மற்றவர்கள். எட்டு வீட்டிலும் புகை எழும்வரை நான் அந்தக் கனலை அணையவிடவில்லை. அளவைக்காரர் கயிற்றைச் சுருட்டச் சொன்னார். "சுருட்டாதீங்க" என்று இகீனியோ கத்தினார். "உத்தரவுல கையெழுத்துப் போட்டிருக்கிறது நீங்க இல்ல" என்று அளவைக்காரர் சொல்லிவிட்டுத் தன் தாளில் எழுதினார்: ஒன்பது மனை, ஒன்பது அடுப்பு. ஒன்பதென்று என்னுடையதையும் சேர்த்துத்தான் எழுதினார்.

நான்காம் நாள் இகீனியோ ஒரு காகிதத்தோடு வந்தார். அடக்கச் செலவைப் பண்ணை ஏற்கும், கீழே ஒரு சிலுவைக்குறி போட்டால் போதும் என்றார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதை அவர் மறந்திருக்க வேண்டும்; அல்லது துக்கத்தில் இருப்பவள் படிக்கமாட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். வீடு கல்லில் சரியாக உட்காராததால் தானே விழுந்தது என்று அதில் இருந்தது. எழுதும் இறகைக் கேட்டு வாங்கினேன். சிலுவை போட வேண்டிய இடத்தில் எழுதினேன்: "கயிறு கட்டி இழுத்தார்கள். நான் உள்ளே இருந்தேன். எஸ்கோலாஸ்திகா." என் முழுப்பெயர் அது. அதன்கீழ் இழுத்த எட்டுப் பேரின் பெயர்களையும் எழுதினேன். மை போதவில்லை, கடைசிப் பெயர் மங்கலாகத்தான் விழுந்தது.

"இது என்னது?" என்றார்.

"படிச்சுப் பாருங்க தோன்."

அவருக்குப் படிக்கத் தெரியாது. அன்றுதான் அது எனக்குத் தெரிந்தது. கையெழுத்து கிடைத்ததாக நினைத்து அந்தக் காகிதத்தை அப்படியே பண்ணைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது மணிலாவுக்குப் போனதாகவும், மேய்ச்சல் நிலத்தைப் பற்றிய வழக்குக் கட்டில் சேர்ந்திருப்பதாகவும் பிறகு அளவைக்காரர் சொல்லியனுப்பினார்.

கஸ்பார் அந்த வருஷம் சாகவில்லை. அடுத்த வருஷமும் சாகவில்லை. மற்ற ஏழு வீட்டு ஆண்களும் அப்படியே. ஒவ்வோர் அறுவடைக்கும் நான் அவர்களை எண்ணினேன், ஊரும் எண்ணியது. மூன்றாம் வருஷத்துக்குமேல் என்னிடம் நெருப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வீட்டை அதே இடத்தில் மறுபடி நிறுத்திக் கொடுத்தார்கள். கஸ்பார் வேண்டுமென்றே அன்றைக்கே அடுப்பை மூட்டச் சொன்னார்.

வழக்கு முடியவில்லை. நீதிபதிகள் மாறினார்கள். ஸ்பெயினில் ராஜா செத்தார், அடுத்த ராஜாவும் செத்தார். ஆங்கிலேயர்கள் கப்பலில் வந்து மணிலாவைப் பிடித்தார்கள், இரண்டு வருஷத்தில் போனார்கள். எங்கள் கட்டு இருக்கிறதா எரிந்ததா என்று தெரியவில்லை. பண்ணையின் புதிய வரைபடத்தில் ஓடைவரை பண்ணையின் நிறம்தான் பூசியிருக்கிறார்களாம். அளக்க மட்டும் இதுவரை யாரும் வரவில்லை.

இன்றும் நண்பகல் ஆனால் எங்கள் எருமைகள் அதே மேய்ச்சலிலிருந்து ஓடையில் இறங்குகின்றன.